நார்மல் ஏழு

என் நண்பன் எனக்குத் துரோகம் செய்துவிட்டான் என்று ஒரு வருஷத்துக்கு மேல் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷம் ஒரே ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவன். மகள் கல்யாணத்துக்கு ஆய்வுக்கூடம் முழுவதையும் அழைத்தான். தரை துடைப்பவரையும் வாசல் செக்யூரிட்டியையும் வீடு தேடிப்போய் அழைத்திருக்கிறான். என்னை அழைக்கவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. காலையில் கடற்கரையில் என்னோடு நடக்க வரும் ஓய்வுபெற்றவர்களிடம், "இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியாது" என்றேன். அவர்களும் தலையாட்டினார்கள். நான் அவனுக்குச் செய்தது அவர்களுக்குத் தெரியாது. அதை இப்போது எழுதுகிறேன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. கடைசிப் பத்து வருஷம் நான் பார்த்தது தங்கத் துகள்களை. நகைக்கடைத் தங்கம்தான், ஆனால் எந்தக் கண்ணுக்கும் தெரியாத அளவுக்குச் சிறியது. தண்ணீரில் மிதக்கும்போது அது மஞ்சளாக இருக்காது, மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். ஒவ்வொரு துகளின் மேலும் இரண்டு பொருள்களை ஏற்றுவோம். ஒன்று, ரத்தத்தில் உள்ள செல்லின் மேல் இருக்கும் குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். மற்றது ஒரு சாயம். லேசர் பட்டதும் தனக்கே உரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். மைக்ரோஸ்கோப்பில் எங்கிருந்து அந்த ஒளி வருகிறதோ அங்கே அந்தப் புரதம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துகளை நாங்கள் லேபிள் என்று சொல்வோம்.

ரத்த வெள்ளணுக்களில் வரும் ஒரு வகைப் புற்றுநோயை இதைக் கொண்டு கண்டுபிடிக்க முயன்றோம். மெதுவாக வளரும் நோய் அது. வந்தவர் எதுவும் தெரியாமலே பல வருஷம் நடமாடுவார். சாதாரணமாக ஒரே செல்லில் சேர்ந்து காணப்படாத இரண்டு புரதங்கள் இந்த நோய் வந்தவரின் செல்களில் சேர்ந்து இருக்கும். அதனால் இரண்டு லேபிள்கள் செய்தோம். ஏராளமான செல்கள் இரண்டு ஒளியையும் சேர்த்துக் காட்டினால் அது நோயின் அடையாளம்.

நோயாளிகளின் ரத்தம் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையிலிருந்து காலையில் ஐஸ் பெட்டியில் வரும். அதோடு ஒப்பிட நோயில்லாதவர் ரத்தமும் வேண்டும். அதற்கு நாங்கள் வெளியே போனதில்லை. இந்த மாதிரி வேலை நடக்கும் எந்தக் கூடத்திலும் அதுதான் வழக்கம் என்று நினைக்கிறேன். யாராவது ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலுதவி அறைக்குப் போவார், நர்ஸ் ஒரு சிறு குப்பி எடுத்துக் கொடுப்பார். அதன் மேல் பெயர் எழுத மாட்டோம். 'நா' என்று போட்டு ஓர் எண். நார்மல் ஒன்று, நார்மல் இரண்டு. பெயர் இல்லையே தவிர, யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அன்று ரத்தம் கொடுத்தவருக்குக் கேன்டீனில் பன் பட்டர் ஜாம், டீ.

"இன்னிக்கு யாரு நார்மல்?" என்று காலையில் வந்ததும் கேட்பான் என் நண்பன்.

"உன்னைத் தவிர யாரு வேணா இருக்கலாம்" என்பேன்.

"அத்த சொல்லு. எங்கூட்டுக்காரி கல்யாணமான நாள்ல இருந்து அதான் சொல்லிகினு கீறா, நீ நார்மலே இல்லன்னு. ஒரு சர்ட்டிபிகேட் குடு சார், வூட்ல மாட்டி வெச்சிடறேன்."

அவனுக்குச் சொந்த ஊர் கருங்குழி. அவனுடைய பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவன் பாலிடெக்னிக் படித்து எங்கள் கூடத்தில் கருவி டெக்னீஷியனாகச் சேர்ந்தான். லேசரை மைக்ரோஸ்கோப்போடு நேர்ப்படுத்துவது அவன் வேலை. ஒரு கண்ணாடியைத் திருகின் கால் சுற்று அளவு நகர்த்த அரை நாள் எடுத்துக்கொள்வான். பக்கத்தில் யாரும் மூச்சு விடக்கூடாது. கூடத்துக்குள் நான் அவனுக்கு சார். பஸ் நிறுத்தத்தில், டீக்கடையில் அண்ணாத்த. என்னைவிடப் பத்து வயது இளையவன். என் மனைவி இறந்தபோது மூன்று நாள் என் வீட்டில் படுத்துக் கிடந்தான், நான் சொல்லாமலே.

ஒரு புதன்கிழமை அவன் ரத்தம் கொடுத்தான். நார்மல் ஏழு. ஸ்லைடுகளைப் பார்த்து எண்ணுவது எங்கள் ஆராய்ச்சி உதவியாளரான பெண்மணி. திருப்போரூரிலிருந்து தினமும் வந்துபோனவர். எந்த ஸ்லைடு நோயாளியுடையது, எது நார்மல் என்று தெரியாமல் எண்ண வேண்டும் என்பது விதி. அதனால் எண்களின் மேல் காகிதம் ஒட்டி வைப்போம். எண்ணி முடித்துக் காகிதத்தை உரித்தவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"சார், நார்மல் ஏழுல ரெண்டு கலரும் வருது."

"எத்தனை செல்லுல?"

"பேஷன்ட் ஸ்லைடு மாதிரியே வருது சார்."

"சரியாக் கழுவியிருக்க மாட்டீங்க. லேபிள் சும்மா ஒட்டியிருக்கும்."

"சும்மா ஒட்டினா எல்லா செல்லுலயும் ஒட்டணும் சார். இது தேடிப் பிடிச்சு ஒரே வகை செல்லுலதான் ஒட்டியிருக்கு. அவர்கிட்ட சொல்லி ஒரு பிளட் டெஸ்ட் எடுக்கச் சொல்லிடலாமா?"

அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். அதே வாதத்தை நானே எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் பத்து நாளில் எங்கள் திட்டத்தை மதிப்பீடு செய்ய ஒரு குழு வருவதாக இருந்தது. ஆறு வருஷ உழைப்பு. ஒரு நார்மல் ஒளிர்ந்திருக்கிறது என்று தெரிந்தால், "உங்கள் லேபிள் எல்லோரிடமும் ஒட்டுகிறது, நோயைக் காட்டவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

"இது டெக்னிக்கல் தப்பு. அந்த ஸ்லைடை விடுங்க. திரும்பச் செய்வோம்" என்றேன்.

திரும்பச் செய்தோம். அவன் ரத்தத்தை வைத்து அல்ல. கணக்குப் பிரிவிலிருந்து ஓர் இளைஞரை வரவழைத்து அவர் ரத்தத்தை எடுத்தோம். அது ஒளிரவில்லை. அந்தக் குப்பிக்கு நார்மல் ஏழு என்று எண் கொடுக்கச் சொன்னேன். உதவியாளர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதினார்.

மதிப்பீட்டுக் குழுவின் முன்னால் நான் நன்றாகப் பேசினேன். எங்கள் லேபிள் பொய் சொல்லாது, மருத்துவர் கண்டுபிடிப்பதற்குப் பல வருஷம் முன்பே நோயைச் சொல்லிவிடும் என்றேன். கை தட்டினார்கள். பின்வரிசையில் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றிருந்த அவனும் கை தட்டினான்.

இதை நான் பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். என் லேபிளை நான் உண்மையாகவே நம்பியிருந்தால் அன்றே அவனை மருத்துவமனைக்கு இழுத்துப்போயிருப்பேன். நிலைய ஊழியர்களுக்கான டவுன்ஷிப் மருத்துவமனையில் காலையில் ரத்தம் கொடுத்தால் மதியம் முடிவு வந்துவிடும். நோய் இருக்கிறது என்று வந்திருந்தால் அவனுக்கும் வழி கிடைத்திருக்கும், எங்கள் வேலைக்கும் அதைவிடப் பெரிய சாட்சி வேறு இருந்திருக்காது. நான் பயந்தது, இல்லை என்று வந்துவிடுமோ என்றுதான். மற்ற ஸ்லைடுகளில் எல்லாம் அந்த ஒளியை நம்பினேன், என் நண்பனுடைய ஒன்றில் மட்டும் நம்ப மறுத்தேன். ஆராய்ச்சி நிலையில் உள்ள ஒரு கருவியை வைத்து யாருக்கும் நோய் என்று சொல்லக்கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். ரத்தம் கொடுப்பவர் கையெழுத்துப் போடும் படிவத்தில் ஒரு வரி உண்டு: 'அசாதாரணமாக ஏதேனும் தெரிந்தால் உங்களுக்குத் தெரிவிக்கப்படும்.' அந்த வரியை எழுதிச் சேர்த்தவனே நான்தான்.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போனபோது, மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்களுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அவன் என்னிடம் ஒரு செய்தி சொன்னான். சென்னை ஓஎம்ஆரில் மருத்துவக் கருவிகள் செய்யும் ஒரு தனியார் கம்பெனி அவனை அழைத்திருக்கிறது. எதிரே கல் உடைக்கும் மெஷின் ஓடியதால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"இன்னா அண்ணாத்த, போலாமா வோணாமா?"

"உனக்கு எப்படித் தோணுது?"

"எனக்கு இன்னா தோணும்? பொண்ணு காலேஜ் போவுது. ஆனா இங்க இன்னும் ரெண்டு வருசம் ஓட்னா இருபது ஆவும். பென்சனோட, சாவற வரைக்கும் ஓசி வைத்தியம் பாக்கற ஆஸ்பத்திரி கார்டோட வெளிய போலாம். ராஜினாமா குட்தா கார்டு கெடையாது. எங்கூட்டுக்காரி, கார்ட வுட்டுட்டுப் போவாதன்னு ஒரே பேஜாரு பண்ணிகினு கீறா. ஆனா எனக்கு இன்னா நோயி? எரும மாட்டு ஒடம்பு. நீ சொல்லு. நீ சொன்னா போறேன், வோணான்னா வோணாம்."

எரும மாட்டு உடம்பு என்று சொல்லித் தன் தோளைத் தட்டிக் காட்டினான். அவனுடைய ஸ்லைடு என் கண்முன்னால் வந்தது. மறந்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். இரண்டு வருஷம் பொறுத்துக்கொள் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்பான். அவனுக்கு எதையும் அரைகுறையாகச் சொல்ல முடியாது, திருகைப் போலத் திருகிக்கொண்டே இருப்பான். கேட்டால் நார்மல் ஏழைச் சொல்ல வேண்டும். அதற்குள் எங்கள் ஆய்வுக் கட்டுரை அச்சாகி வந்திருந்தது.

"போய்யா. இங்க இருந்து இன்னும் எவ்வளவு நாள் லென்ஸ் துடைக்கப்போறே?" என்றேன்.

"அவ்ளோதான? முடிஞ்சிச்சு" என்று சொல்லி எனக்கும் சேர்த்து இன்னொரு டீ சொன்னான். அவனுடைய விடுவிப்புத் தாளில் துறைத் தலைவராகக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அதன் பிறகு நான் ஓய்வு பெற்றேன். முதலில் மாதம் ஒரு தடவை பேசுவான். பிறகு பேச்சு நின்றது. கல்யாண அழைப்பு வராமல் போனது. ஆத்திரம் தாங்காமல் ஒரு நாள் அந்த உதவியாளருக்குப் போன் செய்து, "எல்லாரையும் கூப்பிட்டு என்னை மட்டும் விட்டுட்டான், பார்த்தீங்களா? நான் என்ன செஞ்சேன் அவனுக்கு?" என்று கேட்டேன். எந்த வெட்கமும் இல்லாமல் கேட்டேன்.



"அவருக்கு உடம்பு சரியில்ல சார். கழுத்துல கட்டி வந்து பார்த்தப்ப அதே நோய்னு சொல்லிட்டாங்க. போன வருஷம் எனக்குப் போன் பண்ணி, நம்ம லேபிள் தேடுற நோயே எனக்கு வந்திருக்கு பாரும்மான்னு சிரிச்சார். என்னால அதுக்கு மேல வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல. நார்மல் ஏழைப் பத்திச் சொல்லிட்டேன்."

எனக்கு முதலில் வந்தது வருத்தம் அல்ல. கோபம். பன்னிரண்டு வருஷம் என்னோடு வேலை செய்தவர் என் முதுகுக்குப் பின்னால் இப்படிச் செய்துவிட்டாரே என்ற கோபம். "என்னைக் கேக்காம எப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"உங்களைக் கேட்டுத்தானே சார் அன்னிக்குச் சொல்லாம விட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் செங்கல்பட்டில் பஸ் மாறிக் கருங்குழியில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே பார்த்து, "வந்துகீறாரு" என்றார், யார் என்று சொல்லவில்லை. அவன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தோள்கள் சிறுத்துப்போயிருந்தன. எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார்" என்றான். அவன் வீட்டில் வைத்து அவன் என்னை சார் என்று சொன்னது அதுதான் முதல் முறை.

எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் பேசிவிட்டு வந்திருந்தேன். இந்த நோய்க்கு ஆரம்பத்தில் தெரிந்தாலும் பெரும்பாலும் மருந்து கொடுக்க மாட்டார்கள், கவனித்துக்கொண்டு காத்திருப்பார்கள் என்று டாக்டர் சொன்னதை ஒரு பரிசைப் போலக் கொண்டுபோயிருந்தேன். அதைச் சொன்னேன்.

"தெரியும் சார், எனக்கும் டாக்டர் சொன்னாரு. சும்மா வாட்ச் பண்ணிகினுதான் இருந்திருப்பாங்க. நானும் வேலைய வுடாம வாட்ச் பண்ணிகினு இருந்திருப்பேன் இல்ல? இப்ப அந்தக் கம்பெனி ஆறு மாசம் லீவு பாத்துச்சு, நீ வூட்லயே இருன்னு அனுப்பிச்சு. கார்டு இல்ல. செங்கல்பட்டுல கியூவுல நின்னு ஊசி போட்டுக்கறேன். டாக்டரு எழுதிக் குட்த மாத்திர அங்க கெடைக்கல."

"எங்கிட்டே கேட்டிருந்தா..."

"உன்னக் கேட்டேனே சார். டீக்கடையில. கேட்டேனா இல்லியா?"

அவன் மனைவி ஒரு தம்ளர் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் மன்னித்துவிடு என்றேன். அவன் கையை அசைத்தான், ஈயை விரட்டுவது போல.

"அதெல்லாம் வோணாம். ஒண்ணு செய்யி. வேலையில இருக்கறப்பவே நோயி இருந்துச்சுன்னு நம்ம ஆபீஸ்ல ஒரு மனு போட்டுகீறேன், கார்டு திருப்பிக் குடுங்கன்னு. ஆதாரம் இன்னான்னு கேக்கறாங்க. அந்த ஸ்லைடுதான் ஆதாரம். எழுதிக் குடு."

எழுதித் தருகிறேன் என்று வந்தேன். வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். குறிப்பிட்ட தேதியில் ஒரு மாதிரியில் அசாதாரணச் செறிவு காணப்பட்டதாகவும், தொழில்நுட்பக் காரணங்களால் அது ஆய்வில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை என்றும் எழுதினேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தபாலில் அனுப்பினேன். நான்கு நாளில் அது திரும்பி வந்தது. 'தொழில்நுட்பக் காரணங்கள்' என்பதன் கீழே அவன் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு ஓரத்தில் எழுதியிருந்தான்: 'டெக்னிக்கல் காரணம்னா நீதான சார்?'

மறுபடியும் அவனை நான் கைவிட்டேன் என்பது அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. முதல் முறை செய்ததற்கு அவசரம் என்றாவது சொல்லலாம். இதை மூன்று நாள் யோசித்து, வார்த்தை வார்த்தையாகத் தேர்ந்தெடுத்துச் செய்தேன்.

மறுபடி எழுதினேன். அரைப் பக்கம்தான் வந்தது. அது யாருடைய ரத்தம் என்று எனக்குத் தெரியும். அதில் நோயின் அடையாளம் தெரிந்ததும் எனக்குத் தெரியும். அதை நான் ஒதுக்கினேன், அவரிடம் சொல்லவில்லை, அதே எண்ணை இன்னொருவர் ரத்தத்துக்குக் கொடுத்தேன். ஒதுக்கச் சொன்னது நான், உதவியாளர் அதை எதிர்த்தார். இதை வைத்து அச்சான கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். கீழே பெயர், பழைய பதவி, கையெழுத்து. கட்டுரையில் என்னோடு பெயர் போட்டவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். அவர்களில் இருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எங்களுக்கு இப்படிச் செய்துவிட்டீர்களே என்று ஒருவர் எழுதினார். அவர் சொன்னதும் சரிதான்.

சென்ற மாதம் நிலையத்தில் அவன் மனுவின் மேல் விசாரணை நடந்தது. அவனையும் உதவியாளரையும் என்னையும் அழைத்திருந்தார்கள். உதவியாளர் தன் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். அன்றைய பக்கத்தில் அவர் எண்ணியது அப்படியே இருந்தது. நான் ஒதுக்கச் சொன்ன பிறகும் அதை அவர் அடிக்கவில்லை. குழுவினர் என்னிடம் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். சிபாரிசோடு மேலே அனுப்புவோம், முடிவு எங்கள் கையில் இல்லை என்றார்கள்.

வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்ட் பக்கத்தில் சிமென்ட் பெஞ்சில் அவன் உட்கார்ந்தான். நடந்ததில் அவனுக்கு மூச்சு வாங்கியது. உதவியாளர் ஆட்டோ பார்க்கப் போனார். நான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கறேன் சார்" என்றான். "அந்தப் பத்து நாளு உனுக்கு மீட்டிங்கு. சரி. வுடு, வுட்டுடலாம். மீட்டிங்கு முடிஞ்சி டீக்கட வரைக்கும் எட்டு மாசம் கீதே. டெய்லி ஒரே பஸ்ல வந்தோம். ஒரே டப்பால சோறு துன்னோம். ஒரு நாளு கூடவா வாய்ல வரல?"



"மறந்துட்டியா?" என்று கேட்டான். அவன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்று அவன் விரும்பினான் என்று எனக்குத் தோன்றியது. மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவனால் அதை ஏற்றுக்கொண்டிருக்க முடியும். வயசானவன், வேலை மும்முரம், மறந்துவிட்டான் என்று வீட்டில் போய் மனைவியிடம் சொல்லியிருப்பான்.

"மறக்கலை" என்றேன்.

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டோ வந்தது. உதவியாளர் அவன் கையைப் பிடித்து எழுப்பி ஏற்றினார். எனக்கும் இடம் இருந்தது. அவன் தன் பையை எடுத்துப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டான். அவன் மனுவின் மேல் இன்னும் உத்தரவு வரவில்லை. வாரம் ஒருமுறை அலுவலகத்துக்குப் போய் விசாரிக்கிறேன். மேலே போயிருக்கிறது என்கிறார்கள்.